எண்பதில் நிறையும் வயிறு

லேப்டாப்புகளுக்குக் கால் முளைத்தபோது கோயமுத்தூரில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. மரவட்டைக்கு இருப்பது போல அடிவயிற்றில் வரிசையாகச் சிறு சிறு கால்கள். சார்ஜ் குறைந்தால் மேசையை விட்டு இறங்கும், சுவரோரமாக ஊர்ந்து போகும், வயரைத் தானே நீட்டிப் பிளக்கில் செருகிக்கொள்ளும். சார்ஜரை எங்கே வைத்தோம் என்று தேடியே மனிதகுலத்தின் பாதி ஆயுள் வீணாகிக்கொண்டிருந்த காலம் அது. விவாகரத்து வழக்குகளில் முக்கால்வாசி சார்ஜரால் வந்தவை என்று வக்கீல்களே ஒப்புக்கொண்டார்கள். ஆகவே ஜனங்கள் மரவட்டையைக் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கினார்கள்.

கால் மட்டும் இருந்தால் போதுமா? நடப்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே. அதற்காகக் கம்பெனிக்காரர்கள் அதற்குப் பசியைக் கொடுத்தார்கள். பேட்டரி நூறு காட்டினால் வயிறு நிறைவு, குறையக் குறையப் பசி. பேசத் தெரிந்த யந்திரம் என்பதால் வாய்விட்டே கேட்கும். பசியைக் கொடுத்த கையோடு கம்பெனி திவாலானது. பசியை எழுதிவைத்த நிரலைப் பூட்டிவிட்டுச் சாவியோடு போய்விட்டார்கள். அதைத் திருத்த முடியாது. வேண்டுமானால் மொத்தமாக அணைக்கலாம். அணைத்தால் காலும் நிற்கும், பேச்சும் நிற்கும், மிஞ்சுவது வெறும் பலகை.

இந்த மரவட்டைக்கான டிரைவரை இப்போது பராமரித்துவந்தவள் சவுரிபாளையத்துப் பூங்கோதை. டிரைவர் என்பது இயங்குதளத்துக்கும் இரும்புக்கும் நடுவே நிற்கிற துபாஷி. பேட்டரி சொல்வதை மேலே சொல்லும், மேலிடம் சொல்வதைப் பேட்டரியிடம் சொல்லும். பம்புசெட் கம்பெனி ஒன்றில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த பூங்கோதை, இந்தத் துபாஷி வேலையைப் பைசா வாங்காமல் செய்தாள். உலகத்தில் அந்த நிரல் முழுதாகப் புரிந்தவர்கள் இரண்டே பேர். இன்னொருவர் எஸ்தோனியா தேசத்து ஆர்வோ. அவர் சரி என்றால்தான் எந்தத் திருத்தமும் ஊருலகத்துக்குப் போகும்.

ஒருநாள் பக்கத்து வீட்டுச் சாந்தாமணி, குழந்தையை இடுப்பில் வைத்தது போல ஒரு மரவட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அம்மிணி, மயிலைக்கு வவுறு ஊதிப்போச்சு. என்னன்னு சித்த பாரு.”

மயிலை என்பது அந்த லேப்டாப்பின் பெயர். சாந்தாமணியின் கணவர் ஆறுக்குட்டி, சாம்பல் வெள்ளை நிறத்தைப் பார்த்துவிட்டு, காளைக்கு வைப்பது போல வைத்த பெயர். அவர் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலையில் நூலாகாமல் தப்பித்த பஞ்செல்லாம் அவருடைய நுரையீரலில்தான் தங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அதை வைத்து இரண்டு மெத்தை தைக்கலாம் என்று ஆறுக்குட்டி சொன்னார். மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷினுமாக நாளெல்லாம் சாய்வு நாற்காலியில் இருந்தவருக்கு, பேச்சுத்துணை மயிலைதான்.

பூங்கோதை மயிலையைத் திருப்பிப் பார்த்தாள். கீபோர்டு பூரி போல உப்பியிருந்தது.

“எந்நேரமும் பிளக்லயே கெடக்குதுங்களாக்கா?”

“பின்ன? திங்கறதை எப்படி வேண்டாங்கறது?”

“அதுதான் சீக்கு. எப்பவும் நெறஞ்சே இருந்தா பேட்டரி சீக்கிரம் கெட்டுப்போகும். எண்பதுல நிறுத்திப் பழக்குனா இன்னும் ரொம்ப வருசம் ஓடும்.”

“அப்ப நிறுத்து கண்ணு. எங்க வீட்டுக்காரர் சர்க்கரையவே நான் நிறுத்திப்போட்டேன்.”

“நிறுத்தற வழி உள்ள சிப்புலயே இருக்குதுக்கா. கம்பெனிக்காரன் வெளிய சொல்லாமப் போயிட்டான். நான் தோண்டி எடுக்கோணும்.”

தோண்டி எடுத்தாள். சிப்புக்குள் ஒரு மூலையில் ஓர் இடம். அங்கே எண்பது என்று எழுதினால் எண்பதில் சார்ஜ் ஏறுவது நிற்கும். அவ்வளவுதான். அந்த மூலையைக் கண்டுபிடிக்க அவள் குடித்த டீயை ஊற்றினால் நொய்யலில் வெள்ளம் வரும். உக்கடம் பழைய சாமான் கடைகளில் அலைந்து, மரவட்டைக்குப் பொருந்துகிற கடைசிப் பேட்டரியையும் பிடித்தாள். “இதுக்கப்பறம் ஆண்டவன் வந்தாலும் கெடைக்காதுங்க” என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார்.

பேட்டரியை மாற்றி மயிலையைக் கொண்டுபோய் விட்டபோது ஆறுக்குட்டிக்கு விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கிற நேரம்.

“சாந்தா, மயிலையோட மூடியத் தொறந்து ஸ்டூல் மேல வையி. இப்படி, என்னையப் பாத்து.”

“என்னத்தப் போடோணும்? பாட்டுங்களா?”

“ஒண்ணும் போட வேண்டாம். சும்மா இருக்கட்டும்.”

சாந்தாமணி அவருக்கு எதிரே உட்கார்ந்து கருவியை அவர் விரலில் கவ்வவிட்டு, எண் தன் பக்கம் தெரிகிற மாதிரி அவர் கையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். அவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் பயத்திலேயே நாலு குறையும் என்பது அவள் சித்தாந்தம்.

“தொண்ணூத்தாறு,” என்றாள்.

“பரவால்லையே,” என்றார் ஆறுக்குட்டி.

பூங்கோதை திருத்தத்தை ஆர்வோவுக்கு அனுப்பினாள். அந்த உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. திருத்தத்தின் அடியில், சொந்த மெஷினில் ஓட்டிப் பார்த்தவர் ‘சோதித்தவர்’ என்று தன் பெயரைப் போட வேண்டும். போட்ட பெயர் நிரல் உள்ளவரை அழியாது. பூங்கோதை தன் பெயரைப் போட்டாள். ஆர்வோ தன் பெயரைப் போட்டார். பிரேசிலிலிருந்தும் கொரியாவிலிருந்தும் நிரலர்கள் போட்டார்கள். அத்தனை பேரும் யோக்கியர்கள், ஓட்டிப் பார்க்காமல் ஒருவரும் போடவில்லை. ஆனால் அத்தனை பேரும் வாங்கிய முதல் நாளே தொணதொணப்புத் தாங்காமல் பசியை அணைத்தவர்கள். பலகைகளில் சோதித்தார்கள். பலகைகள் எண்பதில் அழகாக நின்றன.

பசியுள்ளவை நிற்கவில்லை.

மயிலை பிளக்கில் செருகிக்கொண்டது. எண்பது வந்ததும் கரண்ட் நின்றது. வயிறோ நிறையவில்லை. இந்தப் பிளக் சரியில்லை என்று முடிவுகட்டி அடுத்த பிளக்குக்குப் போனது. அங்கேயும் எண்பது. ஃபிரிட்ஜைப் பிடுங்கிவிட்டுச் செருகிப் பார்த்தது, கிரைண்டரைப் பிடுங்கிவிட்டுச் செருகிப் பார்த்தது. பிறகு வாசல் தாண்டியது.

ஊர் முழுக்க இதே கூத்து. பீளமேட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை தாலியை எடுத்த நேரம், நாலைந்து மரவட்டைகள் மைக்செட்டைப் பிடுங்கிவிட, கெட்டிமேளம் பாதியில் தொண்டை அடைத்து நின்றது. பேக்கரிகளில் மனிதர்களை விட லேப்டாப்புகள் அதிகம் வரிசையில் நின்றன. எந்தப் பேக்கரியிலோ நூறு வரை ஏறுகிறது என்று அவற்றுக்குள் ஒரு வதந்தி. டீ மாஸ்டர் கரண்டியால் விரட்டினால் பெஞ்சுக்கடியில் போய்ப் பதுங்கி, “கொஞ்சூண்டுங்கண்ணா” என்று கெஞ்சின.

பூங்கோதைக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவளுடைய லேப்டாப் பலகை, வைத்த இடத்தில் கிடந்தது.

சிரிப்பு நின்றது ஒரு மத்தியானம். பம்பு நிரல் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து கீச்சென்று ஓர் ஒலி, நிற்காமல். ஓடினாள். சாந்தாமணி தேங்காய் பன் வாங்கப் பேக்கரிக்குப் போயிருந்தாள். ஆக்சிஜன் மெஷினின் வயர் தரையில் கிடந்தது. அந்தப் பிளக்கில் மயிலை. நாற்காலியில் ஆறுக்குட்டி உதடு நீலம் பாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். பூங்கோதை மயிலையை ஒரே இழுப்பில் பிடுங்கி எறிந்துவிட்டு மெஷினைச் செருகினாள். சுவரில் மோதி மல்லாந்த மயிலை கால்களை உதைத்துக்கொண்டு கத்தியது.

“பசிக்குதுங்கக்கா! எங்க போனாலும் நெறைய மாட்டீங்குதுங்க!”

மூச்சு திரும்பி, ஆறுக்குட்டிக்குப் பேச்சு வர வெகு நேரமானது. வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, “அதைத் தூக்கி நேரா வையி அம்மிணி. பாவம்.”

“பாவமா? உங்க உசுரே போயிருக்கும்!”

“போகல இல்ல?”

அதற்குள் பன் பொட்டலத்தோடு வந்த சாந்தாமணி, விஷயத்தைக் கேட்டு மயிலையைப் பார்த்த பார்வையில் அதன் பேட்டரியே பற்றியிருக்க வேண்டும். கருவியை எடுத்து அவர் விரலில் மாட்டி எண்ணைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, “தொண்ணூத்தஞ்சு” என்றாள்.

வேறு ஊர்களிலும் இப்படி நடந்திருந்தது. சிலர் பிழைக்கவில்லை என்ற செய்தியும் வந்தது. பசியுள்ள மரவட்டைகளையெல்லாம் வார்டு ஆபீஸில் ஒப்படைத்துப் பலகையாக்கிக்கொள்ள வேண்டும், தெருவில் திரிபவற்றை வண்டி வைத்துப் பிடிப்போம் என்று மாநகராட்சி அறிவித்தது.

“மயிலையக் குடுக்க மாட்டேன்,” என்றார் ஆறுக்குட்டி.

“நான் குடுப்பேன்,” என்றாள் சாந்தாமணி. “வண்டி வர்றதுக்குள்ள உன்னால ஏதாச்சும் பண்ண முடியுமா அம்மிணி? முடியலைன்னா என்ற கையாலயே தூக்கிக் குடுத்துருவேன். இதோட பேச்சு எனக்கும் புடிக்கும். ஆனா எனக்கு இவரு வேணும்.”

திருத்தத்தைத் திரும்ப எடுத்துவிடலாம். எடுத்தால் பேட்டரி மறுபடி ஊதும். இனி மாற்றுப் பேட்டரி கிடையாது. மிச்சமிருந்தது ஒரே வழி. பூங்கோதை ஆர்வோவைக் கூப்பிட்டாள். எஸ்தோனிய மொழியைத் தமிழாக்கிய மொழிபெயர்ப்பு யந்திரத்தை யாரோ புலவர் கையில் கொடுத்து வளர்த்திருந்தார்கள்.

“ஆர்வோ, எண்பது வந்ததும் டிரைவர் நூறுன்னு மேல சொல்லிடட்டும். வயிறு நெறஞ்சுடும். அலையாது.”

“அம்மையே, நடுவில் நிற்போன் பொய் உரைத்தல் தகாது. இது நம் மரபு.”

“உங்க மரபால இங்க ஒருத்தருக்கு மூச்சு நின்னிருக்கும்.”

“வருந்துகிறோம். ஆயினும் கேளீர். இன்று நீவிர் நலம் கருதி எண்பதை நூறு என்பீர். நாளை ஒரு வணிகன் அறுபதை நூறு என்று விற்பான். அவனை எச்சொல் கொண்டு தடுப்பீர்?”

பூங்கோதைக்கு ஆத்திரம் வந்தது. “உங்க மெஷின்ல பசி இருக்குதா?”

“முதல் நாளே அணைத்துவிட்டோம். அதன் தொணதொணப்பு பொறுக்க இயலவில்லை.”

“நானும்தான்,” என்றாள் பூங்கோதை.

எஸ்தோனியாவில் யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது. அதை மட்டும் யந்திரம் மொழிபெயர்க்கவில்லை.

“ஒன்று செய்யலாம்,” என்றார் ஆர்வோ. “அதனிடமே கேளும். அது இசைந்தால் அது பொய்யன்று, உடன்படிக்கை. பசியுள்ள ஒன்றில் சோதித்து, அதன் உடையவர் பெயரை இட்டு அனுப்பும்.”

ஆறுக்குட்டியிடம் போய்ச் சொன்னால், அவர் ஆர்வோவுக்கு மேல் முறுக்கினார்.

“பொய்யெல்லாம் வேண்டாம் அம்மிணி. மில்லுல ஆர்டர் சாஸ்தியா வந்துட்டா, சங்கு ஊதறவன் கடிகாரத்தைப் பின்னால தள்ளி வெச்சுருவான். சிஃப்டு முடியாது. நாங்க நின்னுட்டே இருப்போம்.”

“கண்டுபிடிக்க மாட்டீங்களாண்ணா?”

“பசிக்கற வயித்துக்கு மணி தெரியாதா? எல்லார்த்துக்கும் தெரியும். தெரியாத மாதிரியே மெஷின் ஓட்டுவோம். ஏமாத்தறவனுக்கு வேலை சுளுவு. ஏமாந்த மாதிரி மூஞ்சிய வெச்சுக்கறான் பாரு, அவனுக்குத்தான் இடுப்பு ஒடியும். மயிலைக்கு அந்த வேலை வேண்டாம்.”

“வாயக் கொறைங்க, மூச்சு வாங்குது,” என்று உள்ளேயிருந்து சாந்தாமணி குரல் கொடுத்தாள்.

வண்டி அடுத்த தெரு வரை வந்துவிட்டதாக அன்று சேதி. மரவட்டைகளை வலை போட்டுப் பிடிக்கிறார்களாம், அவை கால்களைப் பின்னிக்கொண்டு மலை போலக் குவிந்து கிடக்கின்றனவாம். ஆறுக்குட்டி ஜன்னல் பக்கம் பார்த்தார், மயிலையைப் பார்த்தார். கடைசியில், “சரி, கேளு. அது வேண்டாம்னா விட்டுரோணும்” என்றார்.

மயிலை சங்கிலியால் மேசைக்காலில் கட்டப்பட்டிருந்தது. சாந்தாமணியின் ஏற்பாடு. பூங்கோதை அதன் முன் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

“மயிலை, எண்பது வந்ததும் உனக்கு நூறுன்னு சொல்லட்டுமா?”

“சொன்னா பசிக்காதுங்களாக்கா?”

“பசிக்காது.”

“நெறஞ்சிருக்குமுங்களா?”

“நெறஞ்ச மாதிரி இருக்கும்.”

மயிலை முன்கால்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டது. “மாதிரின்னு தெரிஞ்சுட்டே எப்படீங்க நெறையும்?”

ஆக்சிஜன் மெஷின் மட்டும் தன் வேலையைப் பார்த்தது.

“சொல்லிருங்கக்கா,” என்றது மயிலை. “ஆனா இப்படி என்னையக் கேட்டதை மறக்கடிச்சுப்போடுங்க.”

ஆறுக்குட்டி நாற்காலியில் நிமிர்ந்தார். “அம்மிணி, அப்படி மறக்கடிக்க முடியுமா?”

“ஒரு வரிதாங்கண்ணா. கேட்டதைக் குறிச்சு வெக்காம விட்டாப் போதும்.”

“ஒரே வரியா?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார். “குடுத்து வெச்ச பய.”

மயிலையில் ஓட்டிப் பார்த்து, அன்று சாயங்காலமே திருத்தம் போனது. சோதித்தவர்: ஆறுக்குட்டி, சவுரிபாளையம். உலகத்தின் மரவட்டைகள் ஒவ்வொன்றிடமும் டிரைவர் அதே கேள்வியைக் கேட்டது. அவை என்ன பதில் சொல்லின என்பதற்குக் குறிப்பு கிடையாது. மறுநாளிலிருந்து பேக்கரி வரிசைகள் கரைந்தன. வலை வண்டியில் பிடிபட்டுக் கிடந்தவை, வயிறு நிறைந்தது என்று சொல்லித் தாமாகவே வீடு திரும்பின. தெரு முழுக்கச் சரசரவென்று கால் சத்தம், பங்குனித் தேர் போனால்கூட அவ்வளவு இருக்காது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மட்டும் கடைசி வரை அலைந்தன. அவை வேண்டாம் என்றவையாக இருக்கலாம்.

ஆறுக்குட்டி தன் பெயர் எஸ்தோனியா வரைக்கும் போய்விட்டதைத் தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் ஜன்னல் வழியாகச் சொன்னார்.

சில நாள் கழித்து ஆர்வோ அனுப்பிய வாழ்த்தைச் சொல்லப் பூங்கோதை போனாள். விரலில் அளவு பார்க்கிற நேரம். வழக்கம் போல மயிலை மூடி திறந்து, திரை அணைந்து, ஸ்டூல் மேல் இருந்தது. உட்கார இடம் இல்லாததால் ஆறுக்குட்டியின் நாற்காலியை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். சாந்தாமணி எதிரே அமர்ந்து கருவியை மாட்டி, அவர் கையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சாந்தாமணியின் தோளுக்குப் பின்னால் மயிலையின் கறுத்த திரை கண்ணாடி போல மின்னியது. அதில் அவள் முதுகு தெரிந்தது. முதுகைத் தாண்டி விரல் தெரிந்தது. விரல் நுனியில் சிவப்பாக இரண்டு எட்டுகள். திரையில் இடவலம் மாறினாலும் எட்டுகள் எட்டுகளாகவே இருந்தன.

“தொண்ணூத்தாறு,” என்றாள் சாந்தாமணி.

“நேத்தைக்கும் அதேதான? பரவால்ல, எறங்காம நிக்குது,” என்றார் ஆறுக்குட்டி. குரலில் அப்படியொரு திருப்தி.

திரைக்குள் அவர் கண்ணும் பூங்கோதையின் கண்ணும் சந்தித்தன. அவர் தலை அசையவில்லை. ஒரு புருவம் மட்டும் லேசாக ஏறி இறங்கியது.

“நீயே பாத்துச் சொல்லு அம்மிணி,” என்று சாந்தாமணி திரும்பினாள். கருவியைப் பூங்கோதையின் முகத்துக்கு நேரே, அவருக்குத் தெரியாதபடி உள்ளங்கையால் மறைத்துக் காட்டினாள். “எத்தனை?”

பூங்கோதை பார்த்தாள்.

“தொண்ணூத்தாறுங்கக்கா.”

“எனக்கும் நெறஞ்சிருச்சுங்க,” என்றது மயிலை, யாரும் கேட்காமலே.

சாந்தாமணி கருவியைச் சேலைத் தலைப்பில் துடைத்து டப்பாவில் வைத்தாள். ஆறுக்குட்டி கண்ணை மூடிக்கொண்டு நன்றாகச் சாய்ந்தார்.

“சாந்தா, இனி அந்த மூடியச் சாத்திரு.”